கள்ளிப் பூச்சிக்கு ஒரு தீர்மானம்

சப்பாத்திக் கள்ளியை இப்போது சிலர் பூந்தொட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். அதற்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. நான் கல்யாணமாகி வந்த ஊர் சோமனூருக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே அது ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. ஊர்ப் பொது நிலத்தில் முக்கால்வாசியைக் கள்ளி பிடித்துக்கொண்டிருந்தது. வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தை நாங்கள் இட்டேரி என்போம். இரண்டு பக்கமும் கள்ளி நெருக்கியதால் எதிரெதிரே வண்டிகள் வந்தால் ஒன்று பின்னாலேயே போய் வழிவிட வேண்டும். வெட்டிப் போட்டால் மட்டை விழுந்த இடத்தில் வேர் விட்டுவிடும். எரித்தால் மேலே கருகி, அடியில் துளிர்க்கும். காயப்போட்ட சேலையில் முள், ஆட்டின் வாயில் முள், மாட்டின் காலில் முள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கள்ளியை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தில் நானும் போய் உட்கார நேர்ந்தது. எங்கள் பஞ்சாயத்து போர்டில் ஒரு பெண்ணும் இருக்கட்டும் என்று மேலேயிருந்து சொன்னார்களாம். போர்டு பிரசிடெண்ட் என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். கோயமுத்தூரில் தங்கிப் படித்தவள், சொந்தக்காரி, சொன்னபடி கை தூக்குவாள் என்று நினைத்து என் பெயரைக் கொடுத்துவிட்டார். முதல் சில கூட்டங்களில் நானும் அப்படித்தான் இருந்தேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மாமா திரும்பிப் பார்க்கும்போது கையைத் தூக்கிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன்.

அப்போதுதான் பூச்சி ஆபீசர் வந்தார்.

விவசாய இலாகாவில் பூச்சிகளை ஆராய்கிற வேலை அவருக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். சைக்கிள் கேரியரில் ஒரு கண்ணாடி ஜாடியைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். ஜாடிக்குள் ஒரு கள்ளி மட்டை. அதன் மேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாக ஏதோ இருந்தது. அது பஞ்சு இல்லை, பூச்சி என்றார். வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு, ஒட்டிய இடத்தை விட்டு நகராமல் கள்ளியின் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்குமாம். இலங்கையிலிருந்து கொண்டுவந்து வேறு தாலுகாக்களில் விட்டிருக்கிறார்கள், அங்கெல்லாம் கள்ளி சரிந்துகொண்டிருக்கிறது, போர்டு சம்மதித்தால் இங்கேயும் விடலாம் என்று சொல்லி முடித்தார்.

எங்கள் ஊர் ஜின்னிங் பாக்டரி முதலாளி எழுந்தார். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலை அவருடையது. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். போர்டில் மாமாவுக்கு எதிர்க் கட்சி.

"கள்ளியத் தின்னு முடிச்சுப்போட்டு அப்புறம் அது எங்கீங்க போகும்?"

"சாப்பாடில்லாம செத்துப்போகும்."

"பக்கத்துலயே பருத்திக் காடு இருக்குதுங்களே. அதைத் தொடாதுன்னு உறுதியாச் சொல்றீங்களா?"

ஆபீசர் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனைதான் வினையாகப் போயிற்று. "இதுவரைக்கும் சோதிச்சுப் பார்த்த பயிர் எதையும் அது தின்னலை" என்றார்.

"இதுவரைக்குமா! அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு நடக்கறதை நான் எப்படிச் சொல்றது?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு எழுந்து கத்தினார்கள். சர்க்கார் பூச்சி என்றார் ஒருவர். கடல் தாண்டி வந்த பூச்சிக்கு நம் ஊர்ப் பருத்தியின் ருசி தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்றார் இன்னொருவர். மாமாவின் காட்டை, அதாவது விளைநிலத்தை, ஒட்டித்தான் பொது நிலத்துக் கள்ளி பரவிக்கொண்டிருந்தது, அதனால் பூச்சி வர வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஆசை. ஆனால் தேர்தல் வரப்போகிறது என்பதும் அவருக்குத் தெரியும். விஷயத்தை ஒத்திவைத்துவிட்டார்.

வெளியே ஆபீசர் ஜாடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, தொடாதுன்னு ஒரே வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா முடிஞ்சிருக்குமுங்களே?"

"முடிஞ்சிருக்கும்மா" என்றார். "தொடாதுன்னுதான் நானும் நம்பறேன். ஆனா நம்பறது வேற, பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டது வேற. நம்பறதைத் தெரிஞ்சதாச் சொல்லிட்டா, அப்புறம் நான் நிஜத்தையே சொன்னாலும் நீங்க யாரும் கேக்கமாட்டீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளே கத்தியவர்கள் பயந்ததிலும் தப்பில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அவர் கணிப்பு தவறிப்போனால் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும். எங்களுக்கோ ஒரு வருஷத்துச் சோறு போய்விடும். அதற்கு என்ன செய்யலாம் என்று நின்றபடியே யோசித்ததில் ஒன்று தோன்றியது.

"அவங்கவங்க எந்தச் செடிக்குப் பயப்படறாங்களோ அந்தச் செடியையே கொண்டாந்து வெக்கச் சொன்னா என்னங்க? பூச்சியையும் கூடவே வுட்டு எல்லாரும் கண்ணுல பாத்துக்கட்டும்."

அவர் கயிறு கட்டுவதை நிறுத்தினார். "பூச்சி வெளியே போகாதபடி வலை வேணுமே. எங்கே வைக்கிறது?"

"எங்கூட்டு வாசல்லீங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வலைக்கு எங்கே போவது என்று யோசித்தேன். எங்களிடம் இருந்தது கல்யாணத்துக்கு வந்த கொசுவலை ஒன்றுதான். அதை நான் கட்டிலிலிருந்து அவிழ்ப்பதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பூச்சி உள்ள வரக்கூடாதுன்னு வாங்கின வலை அது. அதுக்குள்ளயே பூச்சிய வளக்கப் போறியா?"

"கொஞ்ச நாளைக்குத்தானுங்க."

"கொஞ்ச நாளைக்குக் கொசு என்னையத் தின்னட்டும்" என்று சொல்லிவிட்டு, அவரே மூங்கில் வெட்டிக் கூண்டு கட்டித் தந்தார்.

மறுநாளிலிருந்து எங்கள் வாசல் நோம்பி, பண்டிகை நடக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது. மிளகாய், புகையிலை, சோளம், கத்திரி, அவரை என்று ஒவ்வொருவரும் தங்கள் செடியை மண்ணோடு பெயர்த்துச் சட்டியில் கொண்டுவந்தார்கள். ஜின்னிங் பாக்டரி முதலாளி, தம் காட்டில் நன்றாக வந்திருந்த கம்போடியாப் பருத்திச் செடி ஒன்றை வண்டியில் வைத்து அனுப்பினார். செடிக்கு வெயில் படாமல் ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்துவந்தான். எல்லாவற்றையும் வலைக்குள் வைத்து, நடுவில் பூச்சி பிடித்த கள்ளி மட்டைகளைப் போட்டார் ஆபீசர்.

பார்ப்பதற்கு அக்கம்பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள். பொது நிலத்தை ஒட்டிக் குடிசை போட்டு, ஆடு வளர்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், வந்த கூட்டத்தைப் பார்த்தாள். அன்றைக்கு மத்தியானமே கூடை நிறையக் கள்ளிப்பழத்தைப் பறித்து, முள்ளை மண்ணில் தேய்த்து எடுத்துவிட்டு, எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து விற்க ஆரம்பித்தாள். கள்ளியை ஒழிக்கும் பூச்சியைக் கள்ளிப்பழம் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள் ஜனங்கள். எல்லார் உதடும் சிவப்பு.

நாளாக ஆக, புதிதாக வைத்த கள்ளி மட்டைகளில் வெள்ளை ஏறிக்கொண்டே வந்தது. மற்றச் செடிகளின் மேல் ஊர்ந்து போன, இன்னும் எங்கும் ஒட்டாத பூச்சிக் குஞ்சுகள் உட்காராமல் அலைந்து காய்ந்து உதிர்ந்தன. வந்தவர்கள் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "மொளகாய்ல ஒண்ணுமில்லீங்க", "பொகையில சுத்தமா இருக்குது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை ஒரு நாள் காலையில் பொட்டென்று போயிற்று. முதலாளியின் பருத்திச் செடியில், இலைக்காம்பின் இடுக்கில், வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆபீசர் கோயமுத்தூரில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சேதி ஊரைச் சுற்றிவிட்டது. முதலாளி வேகமாக வந்து வலைக்கு முன்னால் நின்றார்.

"பாத்தீங்களா அம்மணி? இதுவரைக்கும், இதுவரைக்கும்னு சொன்னாரே உங்க ஆபீசர். இப்ப அந்த நாளைக்கு வந்துபோச்சு."

மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "கூண்டப் பிரிச்சுப்போடு அம்மணி. நமக்கெதுக்கு இந்த வம்பு" என்று என் காதருகே சொன்னார். பிரிக்கமாட்டேன், ஆபீசர் வந்து பார்க்கட்டும் என்று சொல்லி ஆள் அனுப்பினேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு நூறு தடவை வலையைப் போய்ப் பார்த்தேன். பருத்தி போய்விட்டால் ஊரே என்னைத்தான் சொல்லும்.

மறுநாள் ஆபீசர் வந்தபோது வாசலில் நிற்க இடமில்லை. இது அது இல்லை என்று அவர் உடனே சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. லென்ஸை வைத்து அந்த வெள்ளையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணு தோணுது. ஆனா நான் சொல்லவேண்டாம். நீங்களே பாருங்க. ஒரு வெள்ளைத் துணி இருக்காம்மா?"

வேட்டித் துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். கள்ளி மட்டையிலிருந்து ஒரு பூச்சியை எடுத்துத் துணியில் வைத்து, முதலாளியையே நசுக்கச் சொன்னார். அவர் கட்டைவிரலால் அழுத்தினார். குங்குமத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் துணி சிவந்தது. எல்லாரும் "அடே" என்றார்கள்.

"கள்ளிப் பூச்சியா இருந்தா உடம்புக்குள்ள இந்தச் சிவப்பு இருக்கும். இப்ப பருத்தியில இருக்கறதை நசுக்குங்க."

முதலாளி செடியிலிருந்து வெள்ளையை வழித்துத் துணியில் வைத்தார். நசுக்குவதற்கு முன் என்னை ஒரு தடவை பார்த்தார். அழுத்தினார். மஞ்சளாகக் கொஞ்சம் ஈரம். அவ்வளவுதான். சிவப்பே இல்லை.

"இது மாவுப்பூச்சி" என்றார் ஆபீசர். "இது உங்க காட்டிலிருந்தே செடியோட வந்திருக்கு."

கூட்டம் ஓவென்று சிரித்தது. கைதட்டல் வேறு. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. சிவந்த கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"ஏனுங்க, அப்ப என்ற காட்டுல இது இன்னும் இருக்குமுங்களா?"

"இருக்கலாம். போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்ப வாங்க, இப்பவே போலாம். வண்டி நிக்குது" என்று ஆபீசரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருவரும் பருத்திக் காட்டில்தான் இருந்தார்களாம். அதற்குப் பிறகு ஆபீசர் எது சொன்னாலும், "இதுவரைக்கும்" என்று ஆரம்பித்தாலும்கூட, முதலாளி தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு வாசலில் கூட்டம் கலையும்போது பழக்கார அம்மாள் என்னிடம் வந்தாள்.

"பூச்சி நல்ல பூச்சிதானுங்க அம்மணி. ஆனா என்ற ஆட்டுப் பட்டிக்குக் கள்ளிதானுங்க வேலி. அது போயிருச்சுன்னா நரி உள்ள வராதுங்களா? எங்க தெருவுல எல்லார்த்துக்கும் அதுதானுங்க வேலி."

அதுவரை யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. எனக்கும்தான். காடு வைத்திருந்தவர்களுக்கு மதிலும் முள்வேலியும் இருந்தன. மறுமுறை வந்தபோது ஆபீசரிடம் கேட்டேன். "அது பூச்சியில சேராதும்மா. அதை முடிவு பண்றது உங்க போர்டுதான்" என்றார். அவர் கைகழுவுகிறார் என்று முதலில் கோபம் வந்தது. வீட்டுக்குள் போய் யோசித்தபோது அவர் சொன்னது நியாயம் என்று பட்டது. பூச்சி எதைத் தின்னும் என்பதை அவர் சொல்லலாம். யாருடைய வேலி போகும், போனால் யார் கட்டித் தருவது என்பதையெல்லாம் நாங்கள்தான் பேச வேண்டும். என் வீட்டுக்காரர்தான் கிளுவையை நினைவுபடுத்தினார். காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் காடுகளில் கிளுவைக் குச்சியை ஊன்றி உயிர்வேலி போடுவார்கள். குச்சி வேர் பிடித்துவிட்டால் ஆடும் நுழையாது, நரியும் நுழையாது.

ஆபீசரும் வந்திருந்த அடுத்த கூட்டத்தில், பூச்சியை விடச் சம்மதம் என்று மாமா தீர்மானம் கொண்டுவந்தார். வழக்கம்போல என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"மாமா, கள்ளி வேலி போறவங்களுக்குப் போர்டு செலவுல கிளுவைக் குச்சி தரோணும்னும் அதுல சேத்துங்க."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அம்மணி."

"அப்புறம்னா நானும் அப்புறமாத்தான் கை தூக்குவேனுங்க."

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. பூச்சி பயம் போயிருந்தாலும், மாமா கொண்டுவரும் எதற்கும் எதிர்க் கட்சி கை தூக்காது; என் கை இல்லாவிட்டால் மாமா பக்கமும் எதிர்ப் பக்கமும் சமம். முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அம்மணி சொல்றதுதானுங்க நாயம். நான் ஆதரிக்கிறேன்" என்றார். ஏழைகளின் வேலிமேல் அவருக்கு அன்று வந்த பாசத்தில் பாதி, மாமாவை மடக்குகிற சந்தோஷம் என்பது எனக்குத் தெரியாமலில்லை. இருந்தால் என்ன, கிடைத்த ஆதரவை வைத்துக்கொண்டேன்.

வாக்குவாதம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் வண்டிக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க, வடக்கால இட்டேரியில கள்ளியெல்லாம் வெள்ளையாக் கெடக்குதுங்க. பூச்சிய வுட்டுப்போட்டீங்களா?"

மொத்த போர்டும் எழுந்து வெளியே ஓடியது. அவர் சொன்னது நிஜம்தான். வடக்கு இட்டேரி நெடுகக் கள்ளி மேல் வெள்ளை படர்ந்திருந்தது. முதலாளி ஒன்றைப் பிய்த்து நசுக்கினார். சிவப்பு.

மாமா ஆபீசரை முறைத்தார். ஆபீசர் இரண்டு கையையும் விரித்தார். "நான் விடலைங்க. வேற தாலுகாவில விட்டது காத்துல வந்திருக்கு. குஞ்சுக்கு மேலே மெல்லிசா நூல் இருக்கும், காத்து தூக்கிட்டு வந்துடும்."

"அப்ப நாம தீர்மானம் போடறதுக்கு முந்தியே வந்துபோட்டதா?"

"அதுக்கு நம்ம போர்டு எல்லை தெரியலீங்களே மாமா" என்றேன். முதலாளி முதலில் சிரித்தார். பிறகு மாமாவும் சிரித்துவிட்டார். இத்தனை நாள் சண்டை போட்ட அத்தனை பேரும் இட்டேரியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திரும்பி உள்ளே வந்ததும் மாமா தெளிந்துவிட்டார். "வந்தது வந்துபோச்சு. இனித் தீர்மானமும் வேண்டியதில்ல, வேலியும் வேண்டியதில்ல."

"இனித்தானுங்க வேலி வேணும். கள்ளி இப்பவே சரிய ஆரம்பிச்சுருமே" என்றேன். அவர் அடுத்த விஷயத்துக்குக் காகிதத்தைப் புரட்டினார். வேறு மாதிரி பேசிப் பார்த்தேன். "தீர்மானமே இல்லீன்னா, கள்ளிய ஒழிச்சது யாருன்னு தேர்தல்ல எப்புடீங்க சொல்லுவீங்க? காத்து ஒழிச்சுதுன்னா?"

மாமா மீசையைத் தடவினார். முதலாளியைப் பார்த்தார். முதலாளிக்கும் அதே யோசனை ஓடியது போலிருக்கிறது. ஏற்கனவே வந்துவிட்ட பூச்சிக்கு வர அனுமதி அளித்தும், கள்ளி வேலி இழப்பவர்களுக்குக் கிளுவைக் குச்சி வழங்கியும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மாமாவின் கை, முதலாளியின் கை, என் கை எல்லாம் ஒன்றாக மேலே போயின. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆபீசர், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரிந்தது.

அந்தக் கோடையில் கள்ளி பொத்துப் பொத்தென்று மடிந்து விழுந்தது. அழுகல் நாற்றம் கொஞ்ச நாள் தாங்க முடியவில்லை. மழை இறங்கியதும் காங்கேயத்திலிருந்து கிளுவைக் குச்சி ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்தன. பழக்கார அம்மாள் வண்டி மேலேயே ஏறி, தடித்த குச்சியாகப் பொறுக்கித் தன் தெருவுக்கு இறக்கிக்கொண்டாள். ஊன்றிய குச்சிகளில் இலை விட்ட அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். காட்டிவிட்டு, "வேலி சரீங்க அம்மணி. கிளுவையில பழம் காய்க்குமுங்களா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கூண்டுக்குள் நாங்கள் வைத்துப் பார்த்த செடிகளில் அவளுடைய பிழைப்பு இல்லை. அவளே கேட்காமல் இருந்திருந்தால் யாரும் அதைப் பேசியிருக்கவும் மாட்டார்கள். அடுத்த கூட்டத்திலும் எழுந்து நின்றேன். கள்ளி போன பொது நிலத்தில், கள்ளியை நம்பியிருந்த தெருக்காரர்களுக்கு முதலில் குத்தகைக்கு விட வேண்டும் என்றேன். இந்தத் தடவை முதலாளி எதிர்த்தார். அந்த நிலத்தின் மேல் அவருக்கே ஒரு கண் இருந்தது. மாமா என்னை ஆதரித்தார். காரணம் கேட்க நான் போகவில்லை.

தேர்தல் வந்தது. மேடையில் மாமா, "நான் கொண்டாந்த பூச்சி" என்றார். அடுத்த மேடையில் முதலாளி, "என்ற பருத்தியப் பணயம் வெச்சு நான் சோதிச்ச பூச்சி" என்றார். இரண்டையும் கேட்டுவிட்டுப் பெண்கள் பக்கத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பில், யாரோ எங்களை அதட்டினார்கள். மாமாதான் ஜெயித்தார்.

அந்த வருஷம் பொது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த தெருக்காரர்கள் அதில் நிலக்கடலை போட்டார்கள். இத்தனை காலம் சும்மா கிடந்த மண் ஆயிற்றே, கொடிக்குக் கொடி காய் தொங்கியது. கடலை பிடுங்கிய அன்று பழக்கார அம்மாள் காட்டிலேயே அடுப்பு மூட்டி, பச்சைக் கடலையை உப்புப் போட்டு வேகவைத்து விற்றாள். நானும் என் வீட்டுக்காரரும் போய் வாங்கினோம். போர்டு மெம்பருக்கு ஒரு பிடி சேர்த்துப் போடக்கூடாதா என்று இவர் கேட்டதற்கு, "மெம்பருக்கும் அதே படிதானுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு அளக்கப் போய்விட்டாள். வரப்பில் உட்கார்ந்து, சூடு பொறுக்காமல் ஊதி ஊதித் தின்றோம்.